வேலூரிலிருந்து ஹான்லே வரை: கேரவன் வண்டியில் லடாக் போய்வர முழுமையான வழிகாட்டி

காவலூர் வானாய்வுக் கூடம் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வந்துவிடும். அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கே இன்னொரு கூடமும் உண்டு. அது லடாக்கின் கிழக்குக் கோடியில், ஹான்லே என்ற ஊரில், 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இந்தியா முழுவதும் கிடக்கிறது.

அந்த இரண்டாவது கூடம் வரை தாங்களே வண்டி ஓட்டிப் போக நினைக்கிற வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி என்றால் உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கட்டிய வேன். ஒரு வழிக்குச் சுமார் 3,700 கி.மீ. ஆகும். போய்வர 35 முதல் 40 நாள் ஒதுக்குங்கள். அவ்வளவு லீவு கிடைக்காது என்றால் இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 20 நாளில் முடிப்பது வண்டியால் முடியும், உடம்பால் முடியாது.

படுக்கும் உயரம்தான் கணக்கு

ஹோட்டலை நம்பிப் போகிறவர் ஹோட்டல் இருக்கிற ஊரில்தான் தங்குவார். வீட்டையே கூட்டிக்கொண்டு போகிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருட்டிவிட்டால் ஓரமாக நிறுத்திப் படுத்துவிடலாம் என்று தோன்றும். சமவெளியில் அது பெரிய வசதி. லடாக்கில் உயிருக்கு உலை வைப்பது அந்த எண்ணம்தான்.

வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம். லே 3,500 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம்ம ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,300 மீட்டர் கணவாயில் பாதி. பகலில் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதே உயரத்தில் ராத்திரி படுத்தால் தூக்கத்தில் மூச்சு மெதுவாகி, ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். மலை நோய் முற்றுவது பெரும்பாலும் அப்போதுதான்.

அதனால் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, முந்தைய இரவு படுத்த உயரத்தைவிட அடுத்த இரவு 500 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஒரு இரவு தங்க வேண்டும். சாலை எப்போதும் இதற்கு இடம் கொடுக்காது. இடம் கொடுக்காத இடத்தில் கூடுதல் நாள் தங்கித்தான் ஈடுகட்ட வேண்டும்.

நம்ம ராணுவமும் இப்படித்தான் செய்கிறது. சுமார் 2,700 முதல் 3,600 மீட்டர் வரைக்கும் 6 நாள், அடுத்து 4,500 வரைக்கும் 4 நாள், அதற்கு மேலே இன்னும் 4 நாள் பழக்கிவிட்டுத்தான் சிப்பாயை வேலையில் இறக்குகிறார்கள். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அங்கே மட்டுமில்லை, குடியாத்தத்திலும் காட்பாடியிலும் கூட தெருவுக்கு ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தாராவது இருப்பார். லேயிலோ சியாச்சினிலோ இருந்தவர் யாரென்று விசாரித்து, கிளம்பும் முன் ஒரு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இருபது வயதில் ஓடித் திரிந்த உடம்பையே அங்கே எப்படிப் படுக்க வைத்துப் பழக்கினார்கள் என்று அவர் வாயால் கேட்டால், நம்ம வீட்டுப் பெரியவர்களும் சொன்ன பேச்சைக் கேட்பார்கள்.

எப்போது கிளம்புவது

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அந்த நேரத்தில் இங்கே கத்திரி வெயில், நாக்பூர் பக்கம் 45 டிகிரி, மணாலி சாலையில் பனி அகற்றி முடிந்திருக்காது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இமாச்சலில் மழையும் நிலச்சரிவும். 2023-ல் குலு, மண்டி பக்கம் சாலையே ஆற்றோடு போனது. ஆகஸ்ட் கடைசி வாரம் வேலூரை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் இரண்டாவது வாரம் லேயில் இருந்து, மாதக் கடைசிக்குள் மணாலி இறங்கிவிடுவதுதான் என் கணக்கில் நல்லது. வானம் தெளிவாக இருக்கும். ராத்திரி குளிர் மட்டும் கடுமை. ஹான்லேயில் செப்டம்பரிலேயே தண்ணீர் உறையும்.

அமாவாசை எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்து, ஹான்லே தங்கலை அதை ஒட்டி வையுங்கள். நிலா இருந்தால் நட்சத்திரம் பார்க்க முடியாது.

வண்டி

டிராவலர் வகை வேன்களில் நீளம் குறைந்த, கூரை உயர்ந்த மாடல் போதும். நீண்ட மாடலில் படுக்கை தாராளமாக இருக்கும், ஆனால் கொண்டை ஊசி வளைவில் பின்னுக்கு எடுத்து எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். டர்போ டீசல் என்ஜின் உயரத்தில் அவ்வளவாகத் திணறாது. நான்கு சக்கர இயக்கம் கட்டாயமில்லை. தரை இடைவெளி முக்கியம். தண்ணீர்த் தொட்டியை வண்டிக்கு அடியில் தொங்கவிட்டு அந்த இடைவெளியைக் கெடுத்துவிடாதீர்கள்.

உள்வேலை செய்யும்போது எடையைப் பாருங்கள். பிளைவுட், கிரானைட் மேடை, கண்ணாடி அலமாரி என்று வீட்டு வேலை பார்க்கும் ஆசாரியிடம் விட்டால் அரை டன் ஏற்றிவிடுவார். அலுமினியச் சட்டமும் மெல்லிய பலகையும் போதும். எல்லாக் கதவுக்கும் கொண்டி வேண்டும். தண்ணீர் 80 லிட்டர் போதும். அதை அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாக வையுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீர், டீசல், அரிசி, ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றி எடைமேடையில் நிறுத்துங்கள். ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையைத் தாண்டினால் சாமானைக் குறையுங்கள். மலை இறக்கத்தில் பிரேக் அந்த எடையைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே வெப்பம் தடுக்கும் அட்டை வைக்கச் சொல்லுங்கள். வேலூர் வெயிலுக்கும் அது உதவும், ஹான்லே குளிருக்கும் உதவும்.

மின்சாரத்துக்குக் கூரையில் சோலார் பேனல். லடாக்கில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பேனல் நன்றாகவே வேலை செய்யும். பேட்டரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: லித்தியம் பேட்டரியை அதன் உள்வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். அதனால் அதை வெளிப்பெட்டியில் வைக்காமல் படுக்கைக்கு அடியில் வையுங்கள்.

பி.எஸ். 6 வண்டி என்றால் யூரியா கரைசல் ஊற்றும் தொட்டி இருக்கும். அந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். செப்டம்பரில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், லேயில் தேடி அலையாமல் இருக்க ஒரு கேன் கையில் இருக்கட்டும். இதோடு இரண்டு ஸ்டெப்னி, நல்ல ஜாக்கி, பஞ்சர் கிட், காற்றடிக்கும் கம்ப்ரசர், டீசல் பில்டர், பேன் பெல்ட், பிரேக் ஆயில், இழுக்கும் கயிறு. கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறது. அது அங்கே உறைந்து என்ஜினையே பிளந்துவிடும். கிளம்பும் முன் ரேடியேட்டரைக் கழுவி, சரியான விகிதத்தில் கூலன்ட் மாற்றுங்கள்.

டயர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கேஜில் காட்டும் அளவு தானாகவே ஏறும். 5,000 மீட்டரில் ஆறேழு பி.எஸ்.ஐ. வரை கூடும். காலைக் குளிரில் அதில் கொஞ்சம் இறங்கும். லேயில் ஒருமுறை, திரும்பி இறங்கியதும் ஒருமுறை பார்த்துச் சரி செய்தால் போதும். கணவாய்க்குக் கணவாய் காற்றை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

காகிதங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றிக் கட்ட முடியாது. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவரையறையே இருக்கிறது. பாடி கட்டக் கரூருக்கோ வேறெங்கோ அனுப்பும் முன்னாலேயே டி.என். 23 ஆர்.டி.ஓ. ஆபீசில் போய், எதை மாற்றலாம், எதற்கு ஒப்புதல் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மாற்றம் ஆர்.சி.யில் ஏற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிய வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்தால் பணம் வராது.

லைசென்ஸ் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை எல்.எம்.வி. லைசென்சில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

சொந்த வண்டி வெள்ளை நம்பர் பலகையில் இருப்பது நல்லது. வெளிமாநில வாடகை வண்டியை, நீங்களே ஓட்டும் கறுப்புப் பலகை வண்டியானாலும், லேயிலிருந்து சுற்றிப்பார்க்க எடுத்துப் போவதை உள்ளூர் டாக்சிக்காரர்கள் எதிர்க்கிறார்கள். அது அவர்கள் வயிற்றுப்பாடு. அங்கே போய்த் தகராறு செய்வதைவிட, ஹான்லேக்கு மட்டும் அவர்கள் வண்டியை அமர்த்திக்கொள்வது மரியாதை.

டெல்லியிலும் அதைச் சுற்றிய என்.சி.ஆர். பகுதியிலும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த விதி அடிக்கடி மாறுகிறது. பழைய வண்டி என்றால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புகைச் சான்று, எப்.சி., பாஸ்டேக் இவை வழக்கம்போல.

போன்: பிரீபெய்டு சிம் நம்ம மாநிலத்தில் வாங்கியது ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. குடும்பத்தில் இரண்டு பேராவது, இரண்டு வேறு கம்பெனியில், போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பரிசோதிப்பது

கிளம்ப இரண்டு மாதம் முன்னால் எல்லோரும் மருத்துவரைப் பாருங்கள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப் போடக் காரணமே இல்லை. இதயம், நுரையீரல் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், ரத்தசோகை, கர்ப்பம் இருந்தால் மருத்துவர் வேண்டாம் என்றே சொல்லக்கூடும். கேட்டுக்கொள்ளுங்கள். மலை நோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையைப் பற்றியும் அவரிடமே பேசுங்கள். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்றால் அதற்கு மேல் ஏறாதீர்கள். அங்கேயே ஓய்வெடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, வறட்டு இருமல், நுரை நுரையாகச் சளி வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது என்றால் மூளை வீங்குகிறது. இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ராத்திரியானாலும் உடனே கீழே இறங்குவது. ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பது இறங்கும் வழியில் உதவத்தான். அதை மாட்டிக்கொண்டு மேலேயே காத்திருக்கக்கூடாது.

வீட்டுப் பக்கத்திலேயே ஒத்திகை

ஏலகிரி ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். முழுப் பாரத்தோடு ஏறி, இரண்டாவது கியரில் இறங்கிப் பழகுங்கள். கீழே வந்ததும் சக்கரத்துப் பக்கம் கருகிய வாடை அடித்தால் பிரேக்கை அதிகமாக மிதித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வாடை வராதவரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். மணாலி சாலையில் காட்டா லூப்ஸ் என்ற ஒரே இடத்தில் இதேபோல 21 வளைவு, அதுவும் 4,000 மீட்டருக்கு மேலே.

அப்புறம் ஜமுனாமரத்தூர் பக்கம் இரண்டு ராத்திரி வண்டியிலேயே தங்கிச் சமைத்துப் பாருங்கள். எந்த டப்பா உருளுகிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது, யாருக்கு மேல் படுக்கை ஒத்துவரவில்லை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். காவலூர் கூடத்தைப் பார்வையாளர்கள் பார்க்கும் நாளும் நேரமும் விசாரித்து, முடிந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். ஹான்லே போய் நிற்கும்போது எதைப் பார்க்கிறோம் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

அடுப்பும் சாப்பாடும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம்ம சமையல் உயரத்துக்கு ஏற்ற சமையல் இல்லை.

உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் குறைகிறது, 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. 4,500 மீட்டரில் 85 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். பார்த்தால் நன்றாகக் கொதிக்கிற மாதிரித்தான் இருக்கும். அரிசியைப் போட்டு முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். வெளியே குழைந்து, நடுவில் வெள்ளையாக ஒரு ஊசி நிற்கும். குக்கர் இல்லாமல் அங்கே சோறே இல்லை. குக்கருக்குள்ளும் வெப்பம் வேலூரில் ஏறுகிற அளவுக்கு ஏறாது. வழக்கமான விசிலோடு இன்னும் இரண்டு மூன்று விடுங்கள். துவரம்பருப்பை முதல் நாளே ஊறவையுங்கள், அல்லது பாசிப்பருப்புக்கு மாறிவிடுங்கள்.

இட்லி மாவு நாக்பூர் வரை ஒரே ராத்திரியில் பொங்கும். ஜம்மு தாண்டினால் பொங்காது. லேயில் இரண்டு நாள் வைத்தாலும் கல் மாதிரி அப்படியே கிடக்கும். மலைப் பகுதிக்கு ரவா தோசை, அடை, கோதுமை ரவை உப்புமா, சேமியா என்று திட்டமிடுங்கள். கேழ்வரகு மாவு கட்டாயம் கொண்டு போங்கள். குளிரில் விடிகாலை சூடான கேழ்வரகுக் கூழ் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் ஒரு மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடைத்து வந்த பாக்கெட் எல்லாம் மேலே போனதும் உப்பி நிற்கும். அப்பளம், சிப்ஸ், காபித்தூள் பாக்கெட்டுகளை லே போகும் முன் பிரித்து டப்பாவில் போடுங்கள். ஷாம்பூ, ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும்போது மூஞ்சிக்கு நேராகப் பிடிக்காமல் மெல்லத் திருகுங்கள்.

சமையல் வாயுவில் பியூட்டேனும் இருக்கிறது. அது 0 டிகிரி பக்கத்தில் ஆவியாக மறுக்கும். விடிகாலை அடுப்பு மினுக் மினுக்கென்று எரிந்தால் சிலிண்டர் காலி என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் ஏறினால் சரியாகும். சிலிண்டரைச் சூடாக்குகிறேன் என்று வெந்நீர் ஊற்றுவது, தீ காட்டுவது கூடவே கூடாது. சிறிய சிலிண்டரை வெளிப்பக்கம் திறக்கும், அடியில் துளையுள்ள தனிப் பெட்டியில் கட்டி வையுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு உள்ளே அடுப்போ கரிக் கணப்போ கேஸ் ஹீட்டரோ எரிய விடாதீர்கள். என்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, இருமல் வராது, தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். ஆக்சிஜன் ஏற்கெனவே குறைந்த இடத்தில் இது இன்னும் சீக்கிரம் ஆளை வீழ்த்தும். அதைக் கண்டுபிடித்து அலறும் சிறு கருவி கிடைக்கிறது. படுக்கை உயரத்தில் ஒன்றை மாட்டுங்கள். கதகதப்புக்கு நல்ல தூக்கப்பை, கம்பளி, வெந்நீர்ப் பை போதும்.

கழிப்பறைக்குக் கையில் தூக்கும் கேசட் வகை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கொட்டத் தனி இடம் நம்ம நாட்டில் அநேகமாக எங்கும் இல்லை. சமவெளியில் பெட்ரோல் பங்க், தாபா கழிப்பறையில் அனுமதி கேட்டுக் கொட்டுங்கள். லடாக்கின் உலர் கழிப்பறை மண் போட்டு எருவாக்கும் முறை. அதில் ரசாயனம் கலந்ததைக் கொட்டினால் அந்த வீட்டுக்காரர் வயலுக்கு எரு போச்சு. ஆற்றங்கரையில் கொட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிற ஊர் குடிக்கிறது.

சமவெளியைத் தாண்டுவது

பெங்களூர் போய்ச் சுற்ற வேண்டியதில்லை. சித்தூர், ராயச்சோட்டி, கடப்பா, நந்தியால் வழியாகக் கர்னூல் போய் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால், அதே சாலை ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, ஜம்மு வழியாக ஸ்ரீநகர் வரை போகிறது. ஒரு நாளைக்கு 350 கி.மீ.க்கு மேல் வேண்டாம். நாலு மணிக்கெல்லாம் நிறுத்திவிடுங்கள். லாரிகள் நிற்கும் பெரிய தாபா, பெட்ரோல் பங்க், பஞ்சாபில் குருத்வாரா ஆகியவை இரவு தங்க ஏற்ற இடங்கள். எங்கேயும் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் காட்டுப் பகுதியில், விலங்குகள் அடியில் கடப்பதற்காகவே சாலையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பகலில் கடந்து பாருங்கள். டெல்லிக்குள் நுழையாமல் பல்வலில் பிரிந்து கிழக்குப் புறவழி விரைவுச்சாலையில் குண்ட்லி போய் மறுபடி 44-ஐப் பிடிக்கலாம்.

ஏறுவது ஸ்ரீநகர் வழியாக

மணாலி வழியாகத்தான் பலர் ஏறுகிறார்கள். பாரம் ஏற்றிய வேனுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்தச் சாலையில் தங்கும் இடங்களில் ஜிஸ்பா 3,200 மீட்டர், அதை விட்டால் சர்ச்சு 4,290, பாங்க் 4,600. ஜிஸ்பாவிலிருந்து லேக்கு ஒரே நாளில் போவது மெதுவாக நகரும் வண்டிக்கு நடக்காத காரியம். நடுவில் படுத்துத்தான் ஆக வேண்டும், படுக்கக்கூடாத உயரத்தில்.

ஸ்ரீநகர் வழி உடம்புக்கு உகந்தது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோனமார்க் 2,700, கார்கில் 2,676, லாமாயூரு சுமார் 3,500, லே 3,500. லேக்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு இரவு, கார்கிலில் இரண்டு. கார்கிலில் தங்கும் இரண்டாவது நாள்தான் லேயில் தலைவலி வராமல் காப்பாற்றும். ட்ராஸ் 3,300 மீட்டர் என்பதால் அங்கே நின்று 1999 போர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, படுக்கக் கார்கிலுக்கு இறங்கிவிடுங்கள்.

ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் வரை 9 கி.மீ. நீளமுள்ள செனானி நஷ்ரி சுரங்கமும், 8.5 கி.மீ. நீளமுள்ள பனிஹால் சுரங்கமும் பாதையை எளிதாக்கிவிட்டன. இரண்டுக்கும் நடுவே ராம்பன் பக்கம் மண் சரியும் இடம். முதல் நாள் சாயங்காலமே போக்குவரத்துப் போலீஸ் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2025 ஜனவரியில் திறந்த 6.5 கி.மீ. சுரங்கம் சோனமார்க் வரை கொண்டு விடும். அதற்குப் பின் ஸோஜி லா, 3,528 மீட்டர். லா என்றால் கணவாய். உயரம் பெரிதில்லை, பாதைதான் மோசம். சேறு, தூசி, ஒரு பக்கம் தடுப்பில்லாத பள்ளம். எந்த நேரம் எந்தத் திசையில் விடுகிறார்கள் என்று கேட்டு, காலையில் முதல் ஆளாகக் கடந்துவிடுங்கள். கார்கில் தாண்டி நமிகா லா 3,700, ஃபோட்டு லா 4,108. சாலை நன்றாகவே இருக்கும்.

லேயில் சும்மா இருப்பது

குறைந்தது ஐந்து இரவு. முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடாதீர்கள். மெல்ல நடப்பது, தண்ணீர் குடிப்பது, தூங்குவது. மது கூடாது. தூக்க மாத்திரை கூடாது. மூன்றாம் நாள் ஷே, திக்சே மடாலயங்கள். உடம்பு சரியில்லையென்றால் எஸ்.என்.எம். மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. மலை நோயை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள். விரல் ஆக்சிமீட்டரில் 85, 88 என்று காட்டினால் பதற வேண்டாம். நாளுக்கு நாள் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

எல்லைப் பகுதிக்கான சுற்றுச்சூழல் கட்டணம், அனுமதி வேலைகளையும் இந்த நாட்களில் முடித்துக்கொள்ளுங்கள். ரசீதை நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கேட்பார்கள்.

ஹான்லே

லேயை விட்டதும் காரு என்ற ஊரில் டேங்கை நிரப்புங்கள். உப்ஷி தாண்டிச் சிந்து நதியை ஒட்டியே பாதை போகும். முதல் இரவு சுமார் 4,000 மீட்டரில் உள்ள சுமாதாங்கில் தங்குங்கள். அங்கே வெந்நீர் ஊற்று உண்டு. எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்தால் மறுநாள் மாஹே, நியோமா, லோமா வழியாக ஹான்லே. யாருக்காவது தலைவலி இருந்தால் அங்கேயே இன்னொரு இரவு.

வண்டியை ஏரிக்கரையிலோ புல்வெளியிலோ இறக்காதீர்கள். அந்தப் புல் வளர்வது வருஷத்தில் சில வாரம்தான். சாங்பா என்ற மேய்ப்பர்களின் ஆடுகளும் கருங்கழுத்துக் கொக்குகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் காசு கொடுத்து நிறுத்திக்கொள்வதுதான் முறை. கியாங் என்ற காட்டுக் கழுதைக் கூட்டம் சாலைக்குப் பக்கத்தில் ஓடினால் வண்டியை நிறுத்துங்கள், துரத்தாதீர்கள். மிச்சச் சோற்றை நாய்களுக்குப் போட வேண்டாம். அந்த நாய்கள்தான் பறவை முட்டைகளைத் தின்கின்றன. பாலம், ராணுவ முகாம் படம் எடுக்காதீர்கள். டிரோனை வேலூரிலேயே விட்டுவிடுங்கள்.

ஹான்லே சுற்றுவட்டாரம் 2022-ல் இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சூரியன் மறைந்த பின் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், வெளிவிளக்கு எரிய வேண்டாம், டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். குன்றின் மேல் இருக்கும் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். கீழே 2024-ல் திறந்த 21 மீட்டர் மேஸ் காமாக்கதிர் தொலைநோக்கியும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒன்று காட்டுங்கள். வேலூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 13 டிகிரியில் மங்கலாக, தென்னை மர உயரத்தில் கிடக்கும். ஹான்லேயில் அது 33 டிகிரி உயரத்தில் நிற்கும். நம்ம ஊரில் தெற்கே பளிச்சென்று தெரியும் அகத்திய நட்சத்திரமோ அங்கே மலைக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு தூரம் வடக்கே வந்திருக்கிறோம் என்று வானமே சொல்லும்.

படுக்கும் முன் தண்ணீர்க் குழாய்களை வடித்துவிடுங்கள். குடிக்கும் தண்ணீரை உள்ளே, போர்வைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இறங்குவது மணாலி வழியாக

இதற்குள் உடம்பு பழகியிருக்கும். ஹான்லேயிலிருந்து ஸோ கார் ஏரி வழியாக நேராக மணாலி சாலையைப் பிடிக்கலாம். ஆனால் காருவை விட்டால், ஜிஸ்பா தாண்டித் தண்டி என்ற ஊர் வரும்வரை பெட்ரோல் பங்கை நம்ப முடியாது. அந்தச் சுற்று 600 கி.மீ.க்கு மேல் வரும். வேன் மலையில் குடிக்கும் டீசலுக்கு ஒரு டேங்க் போதாது. நான் சொல்வது, காருவுக்குத் திரும்பி நிரப்பிக்கொண்டு உப்ஷியிலிருந்து ஏறுவது.

தங்லங் லா 5,328 மீட்டர். நின்று படம் எடுக்கப் பத்து நிமிஷம் போதும். மோரே சமவெளியில் சாலை நேராகக் கிடக்கும், ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும், ஆளை மாற்றுங்கள். பாங்க், லாச்சுலுங் லா, நகீ லா, பிறகு காட்டா லூப்ஸ் இறக்கம், சர்ச்சு. ஏலகிரியில் பழகியது இங்கேதான் உதவும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். மறுநாள் காலை சீக்கிரமாகப் பாரலாச்சா லா, 4,890 மீட்டர். சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகளில் மதியத்துக்கு மேல் பனி உருகித் தண்ணீர் ஏறும். காலையில் கணுக்கால் அளவு இருந்தது சாயங்காலம் முட்டிக்கு மேல் இருக்கும். அடி தெரியாத தண்ணீரில் முன்னால் ஒரு லாரி போய்க் காட்டும்வரை காத்திருங்கள்.

ஜிஸ்பாவில் ஒரு இரவு, தண்டியில் டீசல், அப்புறம் 9 கி.மீ. அடல் சுரங்கம். கேனில் மிச்சம் டீசல் இருந்தால் அதற்கு முன்பே டேங்கில் ஊற்றிவிடுங்கள். மணாலியில் இரண்டு நாள் துணி துவைத்து ஓய்வெடுத்து, சண்டிகரில் பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், வீல் அலைன்மென்ட் பார்க்கக் கொடுங்கள். இதை வேலூர் வரும்வரை தள்ளிப் போட வேண்டாம். அங்கிருந்து வீடு இன்னும் கிட்டத்தட்ட 2,500 கி.மீ., அதுவும் லாரிகளுக்கு நடுவே. வீடு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஏர் பில்டரை மாற்றி, லடாக் தூசி படிந்த படுக்கை மெத்தைகளை வெளியே எடுத்து ஒரு வாரம் நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.